மேசையில் அம்மாவின் இடம்

சனிக்கிழமை சாயங்காலம் தேவாலயக் கூடத்தில் வெல்லப்பாகில் வெந்த பீன்ஸும் கறுப்பு ரொட்டியும் சேர்ந்து சாப்பிடுவது அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரை ஊர் ஒன்றின் பழக்கம். நாவலாசிரியர் லிண்டல் ஹஸ்கின்ஸ் கையில் தட்டோடு நின்றார். முப்பது வருஷத்துக்குப் பிறகு பிறந்த ஊருக்கு வந்திருக்கிறார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

மத்தி மீன் டப்பா ஆலையை மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் அங்கே மீன் அடுக்க நின்ற வரிசையிலேதான் இங்கும் பெண்கள் உட்காருவார்கள். ஆல்மிராவுக்கும் ஒர்லீனுக்கும் நடுவே ஓர் இடம் காலி. லிண்டலின் செத்துப்போன அம்மாவின் இடம். ஒருமுறை அதில் உட்கார வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் வந்திருந்தார். கேட்க வாய் வரவில்லை. ஆலை முதலாளியின் அநியாயத்தைப் புட்டுப்புட்டு வைத்த அவருடைய முதல் நாவலை நாடே கொண்டாடியது. ஊர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பெரிய மனுஷர் வந்திருக்காருடி. நம்ம விரல் வெட்டுப்பட்டதையெல்லாம் எழுதினாரே!" என்றாள் ஆல்மிரா.

"பொய்யா எழுதினேன், அக்கா?"

"பொய்யில்லடா. மீன் தலைய நறுக்குற கத்திரிக்கோல் விரல வெட்டுனதும் நெசம், கூலியக் கொறச்சதும் நெசம். ஆனா உங்கம்மா மேஸ்திரி மாதிரி நடந்து காட்டுவாளே, நாங்க வயிறு வலிக்கச் சிரிப்போமே, அது எங்கடா? புஸ்தகம் பூரா எங்கள்ல ஒருத்தியாவது சிரிச்சாளா? அழுமூஞ்சிக் கூட்டமாவா இருந்தோம்?"



அப்போது சங்கு ஊதியது.

மீன் படகு வந்ததும் பெண்களை வேலைக்குக் கூப்பிட ஊதுகிற ஆலைச் சங்கு! லிண்டல் தட்டை டொக்கென்று வைத்தார். கதவுப் பக்கம் ஓடினார். ஆணியில் தொங்கிய யாருடையதோ ஒரு மேலங்கியை எடுத்துக்கொண்டு திரும்பினார். சின்ன வயதில் அவர் வேலை அதுதான்: சங்கு கேட்டதும் அம்மா கையில் மேலங்கியைக் கொண்டுபோய்க் கொடுப்பது.

ஒருத்தியும் அசையவில்லை. பிறகு அவர்கள் சிரித்த சிரிப்பில் மேசையே குலுங்கியது.

"மடையா, படகு வரலடா! அந்தச் சங்க எப்பவோ தீயணைப்பு நிலையத்துக்குக் கொண்டுபோயிட்டாங்க. தெனம் ஆறு மணிக்கு ஊதும்!" ஒர்லீனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆல்மிரா அவர் கையிலிருந்த மேலங்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, காலியிடத்தைக் கையால் துடைத்தாள்.

"உங்கம்மாவுக்குத்தான எடுத்துட்டு வந்த? கொண்டா இங்க. உக்காரு, பீன்ஸ் ஆறுது."