ஐந்து நிமிடத் தண்ணீர்

மாலை ஐந்தரை ஆனதும் வேலாயுதம் தறிக்குழியிலிருந்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு போனைத் திறப்பார். காஞ்சிபுரத்தில் வெயில் தாழும் அந்த நேரத்தில் கனடாவின் கால்கரியில் காலை ஆறு மணி. அங்கே மகள் குடியிருக்கும் வீட்டுத் தோட்டத்தில் மாட்டிய கேமராவில் தெரிவது ஒரு மரவேலியும் அதற்குள் ஒரு பந்தி போடுகிற அளவுக்கு ஒரு புல்தரையும்தான். அவர் மிதிக்கவே முடியாத புல். விசாவுக்கு இரண்டு முறை எழுதிப்போட்டு இரண்டு முறையும் இல்லையென்று வந்துவிட்டது.

அவர் மகள் ஏலவார்குழலி அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் எட்டு மாதக் குழந்தையோடு இருந்தாள். வேறு ஊரில் வேலை என்று போன மாப்பிள்ளை, போன் பண்ணுவதையும் நிறுத்திவிட்டான். தனியாகக் குழந்தையோடு நின்றவளுக்கு யாரும் இடம் தரவில்லை. இந்த வீட்டுக்காரர் மட்டும் ஒரு நிபந்தனையோடு தந்தார். குழாய் பதிக்கத் தோண்டிப் பாழாய்க் கிடந்த தோட்டத்தில் அவள் புல் வளர்க்க வேண்டும். ஜூலை முதல் ஞாயிறன்று வந்து பார்ப்பார். பச்சையாக இருந்தால் இருக்கலாம். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும்.

விடிவதற்கு முன்பே வேலைக்கு ஓடுகிறவளுக்குத் தண்ணீர் விட ஏது நேரம்? தோட்டத்தில் வைத்திருந்த தண்ணீர்த் தெளிப்பான் போனிலிருந்தே இயங்குவது. அதை அப்பாவின் போனிலும் சேர்த்துக் கொடுத்து, தண்ணீர் விடும் பொறுப்பை அவரிடம் விட்டுவிட்டாள்.

வேலாயுதத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு விதத் தண்ணீர்தான். கோடையில் காற்று காய்ந்தால் பட்டிழை அறும். அதனால் தறிக்குழியில் அவ்வப்போது கொஞ்சமாகத் தெளிப்பார். புல்லுக்கும் அதே பதம் என்று எண்ணி, மூன்று மணி நேரத்துக்கொரு முறை ஐந்து நிமிடம் வைத்தார். மே மாதத்தில் விதை முளைத்துப் பச்சை படர்ந்தது. தெருவில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் போனைக் காட்டினார்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போகூட நீங்க இம்மா நேரம் பாக்கலையே," என்றாள் அவர் மனைவி கிருஷ்ணவேணி.

"நீ எங்க தலைய நிமித்தின, பாக்கறதுக்கு?"

ஜூன் நடுவில் மலையிலிருந்து வறண்ட காற்று இறங்கியது. நம்மூர் அனல் இல்லை, குளிர்ந்த காற்றுதான், ஆனால் உதடு வெடிக்கிறது என்றாள் மகள். புல் ஓரங்களில் மஞ்சளித்தது. அவர் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை என்று மாற்றினார், பிறகு மணிக்கொரு முறை. மஞ்சள் நடுவுக்கு வந்தது. இழை அறுந்தால் கண்ணெதிரே எடுத்துப் பிணைக்கலாம். இங்கே அவர் கையில் இருந்தது ஒரு பொத்தான். அதை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

ஞாயிறுக்கு நாலு நாள் இருக்கும்போது ஏலவார்குழலி வீடியோவில் வந்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து புல்லைப் பிடித்துத் தூக்கியதும், பாயைச் சுருட்டுவதுபோல அப்படியே வந்துவிட்டதாம். வேர் நக நீளம்கூட இறங்கவில்லை. முளைக்கிறவரைக்கும்தான் அடிக்கடி தெளிக்க வேண்டும். அப்புறம் நாலு நாளைக்கு ஒரு தரம் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நடுவில் காயப்போட வேண்டும். தண்ணீர் கீழே போனால்தான் அதைத் தேடி வேரும் போகும். இப்படி மேலேயே ஊட்டி வளர்த்தது யார் என்று அந்த அம்மாள் கேட்டாளாம்.

"நீ இன்னாம்மா சொன்ன?"

"டைமர் கெட்டுப்போச்சுன்னு சொன்னேன்."

"நாந்தாம்மா கெடுத்துட்டேன்," என்றார் வேலாயுதம். அவள் குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

அன்றைக்கே ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டார்கள். பிறகு சும்மா இருக்க வேண்டும். வியாழன், வெள்ளி போயின. சனிக்கிழமை மாலை புல் சாம்பல் பூத்துக் கிடந்தது. நாளைக்கு வீட்டுக்காரர் வருவார். லேசாகத் தெளித்தால் விடிவதற்குள் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும் என்று அவருக்குத் தோன்றியது. கிருஷ்ணவேணி அடுப்பங்கரைக்குப் போகும்வரை காத்திருந்து போனைத் திறந்தார். புல் இருந்தது, பொத்தானைக் காணவில்லை. பதறி மகளை அழைத்தார்.

"நீ அமுக்குவன்னு தெரியும்பா. அதான் எடுத்துட்டேன்."

"ஒரே ஒரு அஞ்சு நிமிசம்மா. அவரு கண்ணுக்குப் பச்சையா தெரிஞ்சா போதும்."

"எனக்கு மட்டும் பயமில்லையா? கொயந்தய தூக்கிக்கினு நான் எங்க போவேன்? ஆனா வேணாம்பா. திரும்பவும் பாய் மாதிரி வந்துடும்."

ஞாயிறு இரவு ஏழரைக்கு, அங்கே காலை எட்டு மணிக்கு, கேமராவில் வீட்டுக்காரர் வந்தார். சத்தம் கேட்கவில்லை. ஏலவார்குழலி மண்டியிட்டு ஒரு பிடி புல்லை இழுத்துக் காட்டினாள். பாதி பிய்ந்துகொண்டு வந்தது. பாதி மண்ணைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. அவள் அந்தப் பாதியை விரலால் தொட்டுத் தொட்டு ஏதோ சொன்னாள். வீட்டுக்காரர் வேலிவரை பழுத்துக் கிடந்த புல்லை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

கொஞ்ச நேரத்தில் அவளே அழைத்தாள். காலி செய்யச் சொல்லிவிட்டாராம்.

"ஊருக்கே வந்துடும்மா."

"வந்தா திரும்ப இந்த நாட்டுக்குள்ள விடமாட்டாங்கப்பா." குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "பொத்தான திரும்ப போட்டுட்டேன். இன்னிக்குத் தண்ணி நாளு."

"இன்னும் எதுக்குமா?"

"மாசக் கடைசி வரைக்கும் நம்ம புல்லுதானே."

வேலாயுதம் அமுக்கினார். தண்ணீர் வெள்ளையாக விரிந்தது. ஐந்து நிமிடம் ஆனதும் விரல் தானாக நிறுத்தப் போனது. அவர் போனைக் கிருஷ்ணவேணியிடம் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டு பார்த்தார்.