ஆன்டெனாவில் பிணைத்த பாவு

1982-ஆம் வருஷம் கார்த்திகை மாதத்திலிருந்து காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரியில் எந்த டெலிவிஷன் பெட்டியைப் போட்டாலும் திரிபுரசுந்தரி தறி நெய்வதுதான் தெரிந்தது. பெட்டிகள் அப்போது அதிகம் இல்லை. சபர் என்று கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள் கொண்டுவந்தவை சில, கடையில் வாங்கியவை சில. தென்னைக்கு மேலே எட்டும் குழாய்க் கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டித் தென்கிழக்கே திருப்பினால் கடல் தாண்டி இலங்கை ஸ்டேஷன் வரும். அதில் பாட்டும் கிரிக்கெட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஊர், ஒரு புதன்கிழமை முதல் குழித்தறியையும் அதில் உட்கார்ந்திருந்த முப்பது வயதுப் பெண்ணையும் பார்க்க ஆரம்பித்தது.

நடந்தது இதுதான். திரிபுரசுந்தரியின் புருஷன் முத்தையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் ரெண்டு வருஷமாகியும் திரும்பவில்லை. அந்தத் தறி நெசவாளர் சங்கத்துடையது, கொடுத்தது முத்தையன் பேருக்கு. அந்தப் புதன்கிழமை சங்கச் செயலாளர் சண்முகசுந்தரம் வந்தபோது அவள் தறியின் நீளவாட்டு நூலான பாவைப் பிணைத்துக்கொண்டிருந்தாள். தறியை வெறுமையாக விடுவது அந்தத் தெருவில் வழக்கமில்லை. நெய்து முடித்த பாவின் வாலைத் தறியிலேயே விட்டுவைத்து, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அதோடு சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பார்கள். கண் வேண்டியதில்லை, விரல் பார்த்துக்கொள்ளும். அதனால் அவளும் கையை நிறுத்தாமல் செயலாளரோடு சண்டை போட்டாள்.

"உறுப்பினர் இல்லாத வீட்ல சங்கத்துத் தறி இருக்கப்படாதும்மா. பொங்கலுக்குள்ள திருப்பிக் குடுத்துடணும்."

"ரெண்டு வருஷமா உங்களுக்குச் சேலை நெய்ஞ்சு குடுத்தது யாருங்க, பேயா?"

"புருஷன் நெய்வான், பொண்டாட்டி நூலத் தாராச் சுத்திக் குடுப்பா. நெசவாளின்னு ஒரு பொம்பள பேரு நம்ம சங்கத்துல கெடையாது."

"கெடையாட்டி எழுதுங்க."

"நல்லா எழுதுனேன் போ!"

முந்தின நாள் காற்றில் பின்வீட்டு நபீசாவின் ஆன்டெனா வயர் அறுந்து, இவள் வீட்டு ஓட்டிடுக்கு வழியாகத் தறிமேல் விழுந்து கிடந்தது. அறுந்த முனை அகப்பட்டால் நெசவுக்காரி கை சும்மா இருக்காது. கோபத்தில் பேச்சு ஏற ஏற விரலும் வேகமெடுத்தது. வயரின் ரெண்டு செம்பு இழைகளையும் நூலோடு நூலாக முறுக்கிப் பிணைத்துவிட்டது. செயலாளர் படியிறங்கிப் போனபோது வேலையும் முடிந்திருந்தது.

சாயங்காலம் நபீசா கொல்லை வழியாக ஓடிவந்தாள்.

"ஏ சுந்தரி, எங்க ஊட்டுப் பொட்டிக்குள்ள என்னடி பண்றே?"

"நான் இங்கதான லாத்தா இருக்கேன்."

"அங்கயும்தான் இருக்கே. முந்தானைய இழுத்துச் செருகு. ஊரே பாக்குது."

மெக்கானிக் அற்புதராஜ் வந்து தறியையும் வயரையும் பார்த்தார். அலுமினியக் குழாயைவிட அறுபதாம் நம்பர் நூல் நன்றாக இழுக்கிறது என்று சொல்லி, வெட்டிவிட இடுக்கியை எடுத்தார். பிணைத்ததை அறுத்தால் தறிக்கு ஆகாது என்று அவள் மறித்தாள். அவர் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

முதலில் ஜனங்கள் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்கள். பிறகு உட்கார்ந்து பார்த்தார்கள். அமாவாசையன்று நெசவு இல்லை என்பதால் அன்று மட்டும் இலங்கை தெரிந்தது. பாட்டுப் பிரியர்கள் நாள்காட்டியில் அமாவாசையைச் சுழித்து வைத்துக்கொண்டார்கள். மற்ற நாளில் ஊடு நூலோடு நாடா குறுக்கே ஓடுவதும், காலடியில் மிதி மாறுவதும், மீன்முள் கரை ஒரு முள் ஒரு முள்ளாக விழுவதும் தெரிந்தன. நெசவுத் தெருப் பெண்கள் பிறந்ததிலிருந்து தறிப் பக்கத்தில் தார் சுற்றியவர்கள். எந்தக் கரைக்கு எந்த மிதி என்று ஒருவரும் அவர்களுக்குக் காட்டியதில்லை. அதை இப்போது நபீசா வீட்டுப் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்கள். மண்டபத்தூரிலிருந்து மீன் விற்க வந்தவர்கள்கூட அந்தக் கரையில் சேலை வேண்டுமென்று கேட்டுப் போனார்கள்.

ஊர் பார்ப்பது தெரிந்ததும் திரிபுரசுந்தரிக்குக் கூச்சம் வரும் என்று சண்முகசுந்தரம் எதிர்பார்த்தார். அவள் கொண்டையைத் திருத்திக்கொண்டாள். தினமும் செய்தி நேரத்துக்கு நாடாவை நிறுத்தி, நெய்ததை விரித்துக் காட்டி, எல்லாப் பெட்டிகளிலிருந்தும் பேசினாள்: "செயலாளர் ஐயா, வணக்கம். இது இன்னைக்கு நெய்ஞ்சது. நெய்ஞ்சது திரிபுரசுந்தரி. எழுதிட்டீங்களா?" செயலாளர் தன் வீட்டுப் பெட்டியை அணைத்தார். அணைத்த பெட்டியிலும் கேட்டது.

பொங்கல் கழிந்த மறுநாள் அவர் நாலு ஆட்களோடு வந்து பாவை அறுத்து, வயரை அறுத்து, தறியைக் கழற்றி வண்டியில் ஏற்றிச் சங்கக் கிடங்கில் பூட்டினார். திரிபுரசுந்தரி தடுக்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பியதும் குழியில் காலை விட்டு, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, இல்லாத மிதியை மிதித்து, இல்லாத நாடாவை எறிந்தாள். பெட்டிகளில் தறி முழுசாகத் தெரிந்தது. அற்புதராஜைக் கேட்டதற்கு, அறுத்தது ஒரு இடம், பிணைப்பு வேறு இடம் என்றார். அன்று மத்தியானம் நபீசா வீட்டுப் பெட்டியின் அடியிலிருந்து ஈரக் கஞ்சி வாசனையோடு துணி வந்தது. அந்திக்குள் எல்லாப் பெட்டிகளிலிருந்தும் வந்தது. கரன்ட் போனபோதும் நிற்கவில்லை.

வீட்டுக்காரர்கள் துணியைச் சுருட்டிச் சனிக்கிழமை தோறும் திரிபுரசுந்தரி வாசலில் கொண்டுபோய் வைத்தார்கள். அவள் அதைச் சங்கத்தில் கொடுத்து, தன் பேரில் வரவு வைக்கச் சொன்னாள். எழுத மறுத்ததால் துணி சங்க அலுவலகத்திலேயே அடுக்கடுக்காகக் கிடந்தது. அங்கிருந்த பெட்டியும் தன் பங்குக்கு நெய்தது. செயலாளர் வீட்டில் அவர் மனைவி குஞ்சம்மா சுருட்டிச் சுருட்டிக் கை ஓய்ந்தாள்.

"தறியத்தான் கழட்டிட்டீங்களே, இது என்னங்க?" என்றாள்.

"பேசாம சுத்து."

"நான் எதுக்குச் சுத்தணும்? என் பேருதான் சங்கத்துல இல்லையே. உறுப்பினர் நீங்கதானே, நீங்க வந்து சுத்துங்க."

அவர் சுற்றினார். நேராகச் சுற்ற வரவில்லை.

பங்குனியில் சங்கம் கூடியது. ஆண்கள் துணிக்கு நடுவில் இடுப்பளவு நின்றார்கள். பொம்பளைக்குத் தறி கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்று சண்முகசுந்தரம் சொன்னார். அலுவலகப் பெட்டிக்குள்ளிருந்து திரிபுரசுந்தரி, நாடாவை நிறுத்தாமல், "கேப்பாங்கதான்" என்றாள். ஜன்னலுக்கு வெளியே நெசவுத் தெருப் பெண்கள் நின்றிருந்தார்கள், முதல் வரிசையில் குஞ்சம்மா. துணி மார்பைத் தொட்டபோது ஒருவர் கையைத் தூக்கினார். அது ஆதரவா மூழ்காமல் இருக்கவா என்று பிறகும் தெரியவில்லை. மற்றவர்களும் தூக்கினார்கள். செயலாளர் துணிக்கடியில் துழாவிப் பதிவேட்டை எடுத்து எழுதினார். பேருக்கு நேராக இன்னார் மனைவி என்று ஆரம்பித்ததை அவள் அடிக்கச் சொன்னாள். அடித்துவிட்டு, நெசவாளர் என்று எழுதினார்.

தறி வீடு திரும்பியது. அடுத்த வருஷம் அந்தப் பதிவேட்டில் குஞ்சம்மா பேரும் நெசவுத் தெருவின் பாதிப் பெண்கள் பேரும் ஏறின. அவர்களும் பெட்டிகளில் முறைவைத்துத் தெரிந்தார்கள். முத்தையன் திருப்பூரிலிருந்து ஒருமுறை வந்தான், தார் சுற்றத் தெரிந்தால் இருக்கலாம் என்றாள் திரிபுரசுந்தரி, இருந்தான். சில வருஷத்தில் நம்ம நாட்டு ஸ்டேஷனே வந்து ஆன்டெனாக்கள் மேற்கே திரும்பின, நெசவு மாறவில்லை. காரைக்கால் கடைத்தெருவில் புதுப் பெட்டி வாங்குகிறவர்கள் படம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு குனிந்து, அடியில் கையை வைத்து, துணி கரை சுருங்காமல் வருகிறதா என்றும் பார்த்து வாங்கினார்கள்.