குடிக்காதவன் கண்

என் வீட்டுக்காரர் சின்னராஜ் ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை. ஆனால் சித்தேரியிலிருந்து அரூர் வரைக்கும் அவருக்குக் குடிகாரன் என்று பெயர். எல்லாம் கண்ணால் வந்தது. இமை ஓரம் எப்போதும் சிவந்து தடித்திருக்கும். காலையில் பீளையும் செதிலும் ஒட்டிக்கொண்டு கண் திறக்கவே வராது. மலைப் பாதையில் பஸ் ஓட்டுகிறவர் பிழைப்பில் மண் விழ இந்த முகம் போதாதா?

"இன்னொரு வாட்டி யாராச்சும் புகார் சொன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிரு சின்னராசு" என்று பஸ் முதலாளி வெங்கடாசலம் சொல்லிவிட்டார்.

தருமபுரியில் கண் டாக்டரம்மாவிடம் போனோம். நாள்பட்ட இமை அழற்சியாம். "இது ஒரேயடியா போற நோவு இல்லம்மா. பல்லு வெளக்குற மாதிரி தெனமும் பார்த்துக்கணும். நிறுத்துனா திரும்ப வந்துரும்" என்றார். அன்றிலிருந்து அவர் முதல் டிரிப்புக்குக் கிளம்புமுன் எனக்கு அதுதான் வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து மூடிய கண்மேல் வைப்பேன். ஆறினால் மறுபடி நனைப்பேன். பிறகு குழந்தை ஷாம்பு கலந்த தண்ணீரில் பஞ்சைத் தோய்த்து இமை ஓரத்தைத் துடைப்பேன். சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைச் சுளிப்பார். மழைக்காலம் முடிவதற்குள் கண் தெளிந்துவிட்டது. "இப்பத்தான்யா மனுசனாட்டம் இருக்கற" என்று வெங்கடாசலமே சொன்னாராம்.

ஆனால் பேர் யாருக்குப் போனது? மாரியம்மனுக்கு. என் மாமியார் முன்பே வேண்டிக்கொண்டிருந்தாராம். வெள்ளியில் கண்மலர் வாங்கி, மேளம் வைத்துப் போய்ச் சாத்திவிட்டு வந்தார். சாத்தட்டும், நானும்தான் கூடவே நின்று பொங்கல் வைத்தேன். மறுநாள் துணியை நனைத்தபோதுதான் வம்பு வந்தது.

"ஆத்தாளுக்குக் கண்ணு சாத்தியாச்சு. அப்பறமும் மருந்து பண்ணுனா அவ மேல நம்பிக்க இல்லைன்னு ஆவுது. அதக் கொண்டுபோயிக் கொட்டு."

"அத்த, நிறுத்தக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"டாக்டரம்மாவா குடுத்தா கண்ண?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தன் அம்மாவைப் பார்த்தார். "கொஞ்ச நாளு வுட்டுத்தான் பார்ப்பமே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீரை வாசலில் வீசிவிட்டு உள்ளே போனேன்.

பங்குனி வெயிலில் கண் பழையபடி சிவந்தது. ஒருநாள் மலை வளைவில் மாடு குறுக்கே வந்தது. அவர் பிரேக்கை அழுத்தியதால் மாடும் தப்பியது, பஸ்ஸும் தப்பியது. ஆனால் பஸ்ஸில் இருந்த ஒருவன் அவர் கண்ணை செல்போனில் படம் பிடித்து, போதையில் ஓட்டுகிறான் என்று ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். போலீஸ் ஊதச் சொன்னது. ஊதினார். குடிக்கவில்லை என்றே வந்தது. அதைப் பார்த்த பிறகும் வெங்கடாசலம் சாவியைக் கேட்டார்.

"நீ குடிக்கலைன்னு எனக்குத் தெரியும்யா. வண்டில ஏறுற சனத்துக்குத் தெரியணுமே."

புது டிரைவர் ரஞ்சித்குமார். கண் பால் மாதிரி வெள்ளை.

போன வாரம் அரூருக்குப் போய்க் கண் மருந்து வாங்க நாங்கள் அதே பஸ்ஸில் ஏறினோம். டிரைவருக்குப் பின் சீட். அவன் திரும்பியபோதே சாராய நாற்றம் குப்பென்று அடித்தது. விடிந்தும் விடியாததுமாக! இறக்கத்தில் ஒரு வளைவில் சக்கரம் ஓரத்து மண்ணில் இறங்கி ஏறியது. எனக்கு உயிரே போய்விட்டது. எழுந்து கத்தினேன்.

"வண்டிய நிறுத்தச் சொல்லுங்க! குடிச்சிட்டு ஓட்டறான்! கிட்டப் போயி மோந்து பாருங்க!"

பஸ் முழுக்கத் திரும்பியது. ஒருத்தர்கூட ரஞ்சித்குமாரைப் பார்க்கவில்லை. எல்லோரும் என் வீட்டுக்காரர் கண்ணைத்தான் பார்த்தார்கள். கண்டக்டர் முருகேஷ் விசில் அடித்தான். வருஷக் கணக்கில் அவரோடு வேலை செய்து, என் கையால் சாப்பிட்டவன்.

"காலையிலயே ஊத்திக்கிட்டு வந்து, பொம்பளைய வுட்டுக் கலாட்டா பண்றீங்களாண்ணே? எறங்குங்க."

அவர் இறங்கினார். நானும் இறங்கினேன். பஸ் இறக்கத்தில் தடதடவென்று வேகம் பிடித்தது. அதுவரை வாயே திறக்காத மனுஷன் ரோட்டின் நடுவில் ஓடி நின்று கத்தினார்.

"செகண்ட் கியர் போடுறா டேய்! உள்ள சனம் இருக்குதுடா!"

பஸ் வளைவில் திரும்பிப் போய்விட்டது.