கோசிக்கு வைத்த கூடைகள்

கோசி ஆற்றுக்குக் கல்யாணம் ஆனது மழை கொட்டும் சாவன் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்பு. மாப்பிள்ளை பிலட்டுக்கு அது தெரியவே தெரியாது. எங்கள் ஊரில் கரை இடிந்து கோசி வீடுகளை நெருங்கினால், பேரன் பேத்தி எடுத்த கிழவர் ஒருவர், தாலி கட்டுவதுபோல மணமகள் வகிட்டில் வைக்கும் செந்தூரத்தை ஆற்றில் வீசி அவளை மிரட்டுவார். கோசி கன்னி, கல்யாணம் என்றாலே நாலு காதம் தள்ளி ஓடிவிடுவாள். அந்த வருடம் கிழவர் காய்ச்சலில் கிடந்தார். விடிந்ததிலிருந்து ஒன்பது வீடு போயிருந்தது. அவசரத்துக்குப் பிலட் வீசினான், முப்பது வயதுப் பிரம்மச்சாரி. செந்தூரம் கரையாமல் நீரின் நடுவே ஒரே கோடாக, வகிட்டில் வைத்ததுபோல நின்றது.

மறுநாளே ஆறு பின்வாங்கியது. ஊர் வெல்லம் பங்கிட்டுத் தின்றது. பிலட்டின் அம்மா சுகனி மட்டும் தொடவில்லை.

"அவ பயந்து ஓடலடா, மடையா. பொறந்த வீட்டுக்குப் போயிருக்கா. நம்ம வழக்கப்படி மூணாம் வருஷம் சீரோட புருஷன் வீட்டுக்கு வந்து நிப்பா."

"போம்மா, தண்ணிக்கு ஏது பொறந்த வீடு?"

"நேபாளத்து மலைடா. மாமனார் வீடுகூடத் தெரியல, செந்தூரம் வைக்க வந்துட்டான்!"

சுகனிக்கு இரண்டு வருடம் சோறு இறங்கவில்லை. பஞ்சாபுக்கு அறுவடைக்குப் போய்விடு என்று மகனைக் கெஞ்சினாள். கட்டினவன் ஓடிவிட்டால் அவள் ஊரையே வாரிக்கொண்டு போவாளே என்று பிலட் போகவில்லை. அதற்குள் பயம் அவனையும் பிடித்திருந்தது.

மூன்றாம் சாவனில் கோசி வந்தாள். வேரோடு சால மரங்கள், முழுசாக ஒரு கூரை, கன்றோடு எருமை, எல்லாம் சீர். ஊர் மேட்டுக்கரையில் ஏறிக்கொண்டது. சுகனி ஏறவில்லை. புது மருமகள் கால் தரையில் படலாகாது என்று வாசலிலிருந்து உள்ளறை வரை மூங்கில் கூடைகளை வரிசையாக வைத்தாள்.

"வலது கால எடுத்து வச்சு வா தாயி. மெதுவா. மண்சுவரு."

கோசி கூடை கூடையாக மிதித்து உள்ளே போனாள். தரையில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஊரில் ஆறு அந்த வீட்டு வாசலில் நுழைந்து, கொல்லைப்புறமாக வெளியேறி, குர்சேலாவில் கங்கையோடு சேர்கிறது. அதற்குப் பிறகு எந்த வீடும் இடிந்ததில்லை.

கார்த்திகை கழிந்து பிறந்த வீடு போகும்போது பிலட்டையும் கூட்டிப் போகிறாள். சாவன் பிறக்கும் வரை சுகனி மேட்டுக்கரையில் நின்று வடக்கே பார்த்துக்கொண்டிருப்பாள். பெற்ற வயிறு. முதல் கலங்கலோடு அவன் திரும்பி வருவான், வருடத்துக்கு வருடம் உடம்பு இன்னும் சில்லிட்டு.

இந்த வருடம் அவன் கால் வைத்த இடமெல்லாம் தரை கரைந்தது. சுகனி பார்த்தாள். கூடை பின்னுகிறவர் வீட்டுக்குப் போய், இன்னொரு வரிசைக்குக் கூடை வாங்கி வந்தாள்.