பதினோராம் அத்தியாயத்தில் மழை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும். கிழவன் கூசாமல் சத்தியம் செய்கிறானே என்று பார்க்காதீர்கள். கூசுவதற்கு என்னிடம் பல்லே இல்லை.

எங்கள் தெருவில் பைண்டர் ஒருவர் இருந்தார். நாவல்களைத் தைத்து அட்டை போட்டே வயிறு வளர்த்தவர். அவருக்கு ஒரே மகள். அவளைக் கட்டிக்கொள்ள எனக்கு உயிர் போகிற ஆசை. பைண்டரோ, "கதை படிக்கத் தெரியாதவனுக்குப் பொண்ணு கிடையாது" என்று ஒற்றைக்காலில் நின்றார். சம்பளம் கேட்கவில்லை, சொந்த வீடு உண்டா என்றும் கேட்கவில்லை. கடையில் அவர் எதிரே உட்கார்ந்து, இன்னும் தைக்காத நாவல் ஒன்றைப் படிக்க வேண்டும். அவர் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து, படிக்கிறவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"நாற்காலியில உட்கார்ந்தபடியே மனுஷன் எங்கதான் போறான்? அதைப் பார்த்துடணும்," என்பார்.

எனக்கு முன்னால் வந்தவர் ஒரு போலீஸ் அதிகாரி. மூன்றாம் அத்தியாயத்திலேயே தாள்களைக் கவிழ்த்து வைத்தார்.

"தாய்மாமன்தான் கொன்னிருக்கான். சந்தேகமே இல்ல."

"பலே தம்பி. கதையில அந்தம்மா செத்துக் கிடக்கிறப்ப உங்களுக்குத் தொண்டைய அடைச்சுதா?"

"எனக்கு ஏன் சார் அடைக்கணும்? எனக்கென்ன சொந்தமா, பந்தமா?"

"நல்லது, போய்ட்டு வாங்க."

அடுத்து நான். கதாநாயகன் மாடி ஏறினான். எனக்கு மூச்சு வாங்கியது. அவன் அலமாரிக்குள் ஒளிந்தான். நானும் மூச்சை அடக்கினேன். பாழாய்ப்போன எழுத்தாளன் அவனை அங்கேயே விட்டுவிட்டு, வேறொருத்தி கடிதம் எழுதுவதை வர்ணிக்கப் போய்விட்டான். என் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்ததும் பைண்டர் முதுகில் நாலு சாத்து சாத்தி என்னை மீட்டார். பதினோராம் அத்தியாயத்தில் மழை. தூறலில்லை, பேய்மழை. படித்து முடித்தபோது என் சட்டையைப் பிழிந்திருந்தால் ஒரு வாளி நிறைந்திருக்கும். பக்கத்திலிருந்த பசைச்சட்டி வெறும் தண்ணீராகிவிட்டது.

பைண்டர் கண் கலங்க, "மாப்ளே!" என்று எழுந்தார். உள்ளேயிருந்து மகள் வந்து தடுத்தாள்.

"அவசரப்படாதீங்கப்பா. ஏமாளியக்கூட நனைச்சுடலாம்." என் பக்கம் திரும்பினாள். "அந்த மழை பொய்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்றால் ஏமாளி; தெரியும் என்றால் வேஷக்காரன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"தெரியும்," என்றேன்.

"தெரிஞ்சுமா நனைஞ்சீங்க?"

"பொய்னு தெரிஞ்சா மட்டும் மழை நின்னுடுமா, என்ன?" என்று சொல்லிவிட்டுத் தும்மினேன்.

ஏதோ விசித்திரப் பிராணியைப் பார்ப்பதுபோல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு துண்டை என் மேல் வீசினாள்.

"தலையத் துவட்டிக்குங்க. அடுத்த அத்தியாயத்துல பனி."

கல்யாணம் ஜோராக நடந்தது. படிப்பதில் அவள் எனக்கும் ஒரு படி மேல். ஒருமுறை கப்பல் கதை ஒன்றை எடுத்தவள் மூன்று நாள் தலைசுற்றி வாந்தி எடுத்தாள். நான் வேறு மாதிரி நினைத்துத் தெரு முழுக்க இனிப்பு கொடுத்துவிட்டேன். "கரை வந்ததும் சரியாயிடும், மடையா," என்றாள். கரை வந்தது, சரியாயிற்று. இப்படியே ஒருவர் நனைய ஒருவர் துவட்ட, ஒரு குறையுமில்லாமல் காலம் ஓடிவிட்டது.

நீங்களும் தலையைத் துவட்டிக்கொள்ளுங்கள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.