வியாழக்கிழமைத் தண்ணீர்

திருக்காட்டுப்பள்ளிக் காவிரியில், சித்திரை வெயிலில், இடுப்பளவு தண்ணீரில் நின்று சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதை ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம்தான் முடிவு செய்யும். வாய்க்கால் மதகுகள் அதன் சொல் கேட்டுத் தாமே திறக்கும், தாமே மூடும். இருபத்திரண்டு வருடம் முன்பு அதை எழுதியவர் உள்ளூர் ஸ்ரீவத்ஸன். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று பொதுவில் விட்டுவிட்டார். முப்பத்தொரு நாடுகள் எடுத்துக்கொண்டன. திருத்தியவர்கள் எல்லாம் வழிப்போக்கர்கள். ஒரு ஓட்டையை அடைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வாய்க்கால் முடியும் கடைமடையின் முறை வாரத்தில் வியாழன் ஒருநாள்தான். போன குறுவைக்கு அதுவும் வரவில்லை. அங்கே ஹமீதா பானுவின் நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. இன்னொரு வியாழன் தவறினால் நாற்று கருகிவிடும். ஊர்க்கூட்டத்தில் அவர் எழுந்தார்.

"வாய்க்கா தூர்ந்தா வீட்டுக்கு ஒரு ஆள் மம்பட்டியோட வர்றீங்க. புரோகிராம் தூர்ந்தா மட்டும் எவனாவது வருவான்னு ஒக்காந்திருக்கீங்களே?"

அன்றே ஐந்து பேரை நிரந்தரமாகப் போட்டோம். இனி அவர்கள் வாய்க்காலில் இறங்க வேண்டாம்; புரோகிராமில் மட்டும் இறங்கினால் போதும். கம்ப்யூட்டர் டீச்சர் வானதி தலைவி. வழக்கப்படி கடைமடையில், அதாவது கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கித் தூர்வாரினார்கள். முதல்நாளே பதினான்கு கூடை சேறு வந்தது. நண்டு தனி.

புதன்கிழமை ஒரே வரி பதினோரு இடத்தில் அகப்பட்டது: 'வியாழன், இரண்டு மணி நேரம், மாமனார் வயல். தொடாதே.'

ஸ்ரீவத்ஸன் எழுதியது ஒன்றுதான். பிறகு கைவைத்த ஒவ்வொருவரும் எதற்கும் இருக்கட்டும் என்று அதை இன்னொரு தடவை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆக இருபத்திரண்டு மணி நேரம்.

"கல்யாணமான புதுசு, டீச்சர்" என்றார் ஸ்ரீவத்ஸன், தரையைப் பார்த்தபடி.

மாமனார் ராமச்சந்திரன் பக்கத்திலேயே இருந்தார். "மாப்ளே, அந்த நிலத்த வித்துப் பதினஞ்சு வருஷமாச்சே! இப்ப அங்க கல்யாண மண்டபம்னா இருக்கு!"

"அதானா வியாழக்கிழமை முகூர்த்தத்துக்கெல்லாம் பரிசல்ல போனோம்?" என்றேன் நான்.

வானதி தயங்கினார். "தொடாதேன்னு போட்டிருக்கு..."

"தொடும்மா" என்றார் ஹமீதா பானு. "அங்க என் நாத்து காயுது."

பதினொன்றும் போயின. மறுநாள் தண்ணீர் கடைமடைக்கு வந்தது. மண் அதை உறிஞ்சிய சத்தம் ஜங்ஷனில் நின்ற ரயிலுக்குள் கேட்டதாம். ஹமீதா பானு அடுத்த வாரமே நடவை முடித்துவிட்டார்.

சனிக்கிழமை பெரு நாட்டிலிருந்து கடிதம்: ராமச்சந்திரன் ஐயாவின் வயல் அங்கே எது என்று தெரியாமல் வியாழன்தோறும் தண்ணீர் ஒரு பள்ளத்தில் நின்று ஏரியாகிவிட்டது, மீன் பிடித்துப் பிழைக்கிறோம், இந்த வியாழன் தண்ணீர் வரவில்லை, தயவுசெய்து திறந்துவிடவும். குழு இன்னும் கலையவில்லை. அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவதும் இப்போது அவர்கள் வேலைதான்.

எங்கள் ஊரில் வாய்க்கால் கிடையாது. எல்லாருக்கும் போர்வெல்தான்.