தலையேந்தியாருக்குக் கை ஒழிந்த நாள்

திருவிழா அன்று காலைப் பேருந்தில் புனித தலையேந்தியார் வந்து இறங்கினார். வருடா வருடம் பீடத்தில் மரச் சுரூபமாக நின்றவர் இந்த முறை ஆளாகவே வந்துவிட்டார். அந்தக் காலத்து ராஜா வெட்டிய தலை வழக்கம்போல இரண்டு கைகளிலும் இருந்தது. தலைதான் நடத்துநரிடம் கோயிலுக்கு வழி கேட்டதாம்.

மகுடம் சூட்டும் முறை இந்த வருடம் பிரகாசியம்மாளுக்கு. கடலுக்குப் போன அவள் புருஷன் தொம்மை இன்னும் கரை திரும்பவில்லை. சூட்டியவள் கேட்டதைப் புனிதர் கொடுப்பார். தப்பான இடத்தில் சூட்டினாலோ பக்கத்து ஊருக்கு நடையைக் கட்டிவிடுவார்.

எது சரியான இடம்? தலைக்குத்தான் என்றது வடக்குத் தெரு. தலை இருந்த இடத்துக்கு என்றது தெற்குத் தெரு. சுரூபமாக இருந்தவரை மகுடத்தைக் காலடியில் வைத்துச் சமாளித்தார்கள். ஆளிடம் அது செல்லுமா?

பேச்சு வளர வளரக் கோயிலும் வளர்ந்தது. பீடம் தூரத்தில் புள்ளியாகிவிட்டது. பங்குச்சாமியார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு, புனிதர் கிளம்பப்போகிறார் என்று சொல்லியனுப்பினார்.

அவ்வளவுதான், பிரகாசியம்மாள் எடுத்தாள் ஓட்டம்! செருப்பு ஒரு பக்கம், முக்காடு ஒரு பக்கம்.

எதிரே போய் நின்றதும் கையிலிருந்த மகுடம் மறந்துபோனது. அவர் கைகள் மரத்துப்போய் நடுங்கிக்கொண்டிருந்தன. இத்தனை காலமாக ஒருத்தர்கூட வாங்கிப் பிடிக்கவில்லையே, பாவிகளா!

“இங்க குடுங்க சாமி. நான் வச்சிக்கிடுதேன்.”

“கீழ போட்டுராத,” என்றது தலை.

வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நல்ல கனம். மகுடம் எங்கோ உருண்டது, யாரும் தேடவில்லை. உடல் விரல்களைச் சொடக்கு எடுத்தது. அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே கடலுக்கு நடந்தது. ஊரே பின்னால் ஓடியது.

இடுப்பளவு தண்ணீரில் நின்று, உடல் கடலுக்குள்ளிருந்து ஒரு கயிற்றை எடுத்து இரண்டு கையாலும் இழுத்தது. கயிறு வந்தது, வந்துகொண்டே இருந்தது. பிறகு வள்ளம் வந்தது. முன்னால் அணியத்தில் தொம்மை உட்கார்ந்திருந்தான், தாடியெல்லாம் உப்புப் பூத்து. பிரகாசியம்மாளுக்குச் சந்தோஷத்தில் கால் நிற்கவில்லை. ஆனாலும் தலையை விடவில்லை.

தொம்மை இறங்கி வந்து ஈரக் கையால் அவள் கன்னத்தைத் தொட்டான். யார் தலை என்று கேட்டான். நம்ம சாமியுடையது என்றாள். சரி என்றான்.

உடல் கரைக்கு வரவில்லை. அடுத்த கயிற்றைப் பிடித்துவிட்டது. பல வருடங்களாகக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து தண்ணீரில் இறங்கினார்கள்.

“கொஞ்சம் உசத்திப் பிடிம்மா,” என்றது தலை. “கூட்டம் மறைக்குது.”

தொம்மையும் ஒரு கை கொடுக்க, இருவருமாகத் தூக்கிப் பிடித்தார்கள்.